பல மாதப் பயணத்துக்கு முதுகுப் பை: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மூன்று மாதம் வடகிழக்கு, ஆறு மாதம் இமயமலைப் பக்கம், வேலையை விட்டுவிட்டுத் தாய்லாந்து, வியட்நாம் என்று கிளம்புகிறவர்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். டிக்கெட் போட்ட கையோடு அவர்கள் விசாரிப்பது பையைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்கிற பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊர் ஊராக அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸிலும் ரயிலிலும் அலைகிறவர்களுக்கானது இது. கூடாரம், அடுப்பு எல்லாம் சுமந்து மலையேறுகிறவர்களின் கணக்கு வேறு.

வீட்ல டிராலி சூட்கேஸ் இருக்கே, அதையே எடுத்துட்டுப் போகக் கூடாதா?

போகிற இடமெல்லாம் வாசல் வரை கார் வருமென்றால் தாராளமாகப் போகலாம். முதுகுத்தண்டிலோ தோளிலோ ஏற்கெனவே தொந்தரவு இருக்கிறவர்களுக்கு நானே டிராலியைத்தான் சொல்வேன். மற்றவர்கள் ஒருமுறை கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, நிரப்பிய டிராலியை வீடு வரை உருட்டிக்கொண்டு வந்து பாருங்கள். தோண்டி மூடிய பள்ளம், தெருவுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும் வடிகால் மூடி, நடைபாதையை அடைத்து நிற்கும் பைக்குகள் என்று இத்தனையும் தாண்டுவதற்குள் பாதித் தூரம் அதைக் கையில்தான் தூக்கி வந்திருப்பீர்கள். வாரணாசியின் சந்துகளும் ஹனோயின் பழைய நகரத் தெருக்களும் இதைவிடச் சௌகரியமானவை அல்ல. லிஃப்ட் இல்லாத விடுதிகளின் படிக்கட்டை நான் சொல்லவே வேண்டாம்.

எத்தனை லிட்டர் வாங்கணும்? ஆறு மாசம் போறேன், 70 லிட்டர் போதுமா அண்ணா?

போதுமா என்பதல்ல, அது அதிகம். பத்து நாள் போகிறவருக்கும் ஆறு மாதம் போகிறவருக்கும் தேவையான துணி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வாரத்துக்குப் பிறகு எல்லோரும் துவைத்துத்தான் போடுகிறோம். நாள் கூடுவதால் பை பெரிதாக வேண்டியதில்லை. குளிர் கூடினால்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு 35 முதல் 45 லிட்டர் சரியாக இருக்கும். லடாக், சிக்கிம் என்று குளிர்காலத்தில் போகிறவர்களும், கேமரா சாமான் வைத்திருப்பவர்களும் 50, 55 வரை போகலாம். அதற்கு மேல் வாங்குகிறவர்களிடம் உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், 'இருக்கட்டுமே, இடம் இருந்தா நல்லதுதானே' என்பார்கள். நல்லதில்லை. இடம் இருந்தால் அது நிரம்பும். கிளம்புகிற அன்று ராத்திரி அக்கா ஒரு போர்வை கொடுப்பார், நீங்களே இன்னொரு ஜோடி ஷூ திணிப்பீர்கள்.

எடைக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: நிரப்பிய பை உங்கள் உடல் எடையில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு எட்டரை கிலோ. மலையேறுகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு வரை போகிறார்கள், ஆனால் அவர்கள் அதற்கென்று பழகியவர்கள். நாம் இரவு முழுக்க பஸ்ஸில் தூங்காமல் வந்து, விடிகாலையில் ரூம் தேடி அலைகிறவர்கள்.

இன்னொன்று, லிட்டர் கணக்கை எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி அளப்பதில்லை. வெளிப்பக்கத்து வலைப் பாக்கெட்டையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு. ஆகவே லேபிளை நம்பாமல், எடுத்துப் போகப்போகும் துணிமணியை ஒரு கட்டப்பையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

40 லிட்டர்ல அப்படி என்னதான் அடங்கும்?

நான்கு மேல்சட்டை, இரண்டு பேன்ட், ஒரு அரைக்கால் சட்டை, ஐந்து ஜோடி உள்ளாடை, ஒரு முழுக்கைக் கம்பளிச் சட்டை, சுருட்டினால் முஷ்டி அளவுக்கு வரும் மழைச் சட்டை, செருப்பு, சோப்பு, பிரஷ், மருந்து, சார்ஜர், பேப்பர்கள். இவ்வளவுக்குப் பிறகும் மேலே நான்கு விரல் இடம் மிச்சம் இருக்கும். கனமான ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு போங்கள், பைக்குள் வைக்காதீர்கள்.

நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் விலை கொடுத்து வாங்கும் பயணத் துண்டு, உறங்கும் விரிப்பு, கடற்கரையில் கட்டும் துணி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கைலியும் ஒரு மெல்லிய ஈரோட்டுத் துண்டும் போதும். ஸ்லீப்பர் கோச்சில் விரிக்க, ராத்திரி போர்த்த, பொதுக் குளியலறையில் மறைப்புக்கு, அழுக்குத் துணியை மூட்டை கட்ட என்று எல்லாவற்றுக்கும் கைலி. துண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். தேங்காய்ப்பூத் துண்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மழை ஊரில் அது இரண்டு நாளானாலும் காயாது.

குளிர் உடையைச் சென்னையில் தேடி அலைய வேண்டாம். மணாலி மாதிரி ஊர்களில் தடித்த ஜாக்கெட் வாடகைக்கே கிடைக்கிறது.

நான் ஆறடி. பெரிய சைஸ்தானே எனக்குச் சரியா வரும்?

உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. கால் நீளமாக இருந்து முதுகு குட்டையாக இருப்பவர்கள் நிறையப் பேர். பார்க்க வேண்டியது முதுகின் நீளம்.

அளப்பது எளிது, ஆனால் தனியாக முடியாது. வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் வேண்டும். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு வரும். அது ஏழாவது கழுத்தெலும்பு. பிறகு இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வையுங்கள், கட்டைவிரல் பின்னால் பார்த்து இருக்கட்டும். இரண்டு கட்டைவிரலையும் இணைத்து ஒரு கோடு போட்டால் அது முதுகெலும்பைத் தொடும் இடம்தான் கீழ் எல்லை. மேல் எலும்பிலிருந்து இந்த இடம் வரை டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டி அளக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 53 சென்டிமீட்டருக்குள் வரும்.

நல்ல பைகளில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று முதுகு நீளத்தின்படி தனித்தனி அளவு இருக்கும். அல்லது தோள்பட்டையை மேலும் கீழும் நகர்த்திப் பொருத்துகிற அமைப்பு இருக்கும். இரண்டும் இல்லாத 50 லிட்டர் பை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இடுப்புல கட்டுற பெல்ட் எதுக்கு? நான் அதைப் போடுறதே இல்ல, தொங்கிட்டுக் கிடக்குது.

அந்தப் பெல்ட்டுக்காகத்தான் இந்தப் பையையே வாங்குகிறோம். காசிமேட்டில் மீன் கூடையைத் தலையில் வைத்து நடக்கும் அக்காக்களைக் கவனித்திருப்பீர்கள். தோள் சும்மா இருக்கும். எடை முதுகெலும்பு வழியாக நேரே இடுப்புக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. தோளில் தொங்கும் எடை அப்படி இறங்காது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் சதையை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப் போகிறது என்பார்களே, அது இதனால்தான்.

கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் 1952இல் அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்கத் தொடங்கினார். எடையை இடுப்புக்கு மாற்றும் பட்டை அங்கிருந்துதான் பரவலானது. சரியாகக் கட்டினால் மொத்த எடையில் முக்கால் பங்கை இடுப்பு வாங்கிக்கொள்ளும்.

சரியாகக் கட்டுவது என்றால் வயிற்றில் கட்டுவதல்ல. பேன்ட் பெல்ட் போடும் இடமும் அல்ல. இடுப்பெலும்பின் மேல் விளிம்பை மெத்தைப் பட்டை பாதிக்குப் பாதி மூடி நிற்க வேண்டும். சாப்பிட்டவுடன் கட்டினால் மூச்சு முட்டுகிறது என்றால் இரண்டு அங்குலம் மேலே கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மெத்தை இல்லாத வெறும் நாடாப் பட்டை இடுப்பு பெல்ட் ஆகாது. பை ஆடாமல் பிடிக்கும், அவ்வளவுதான்.

கடையில மாட்டிப் பார்க்கும்போது என்ன பார்க்கணும்?

காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. காலியாக எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். எட்டு கிலோ உள்ளே போக வேண்டும். டெக்கத்லான் மாதிரி கடைகளில் ஏதாவது கனமான சாமானை உள்ளே போட்டுப் பார்க்க விடுவார்கள். சிறு கடையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எட்டு கொண்டு போங்கள், ஒன்று ஒரு கிலோ, கணக்கு சுலபம்.

முதலில் எல்லாப் பட்டையையும் தளர்த்துங்கள். மாட்டிக்கொண்டு இடுப்பு பெல்ட்டை முதலில் இறுக்குங்கள். அடுத்துத் தோள்பட்டையை, பை முதுகோடு ஒட்டும் வரை மட்டும் இழுங்கள். தோள்பட்டையின் உச்சியிலிருந்து பையின் தலைக்குப் போகும் குட்டிப் பட்டை ஒன்று இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதை மெல்ல இழுத்தால் பின்னால் சாய்ந்த பை நிமிரும். பக்கவாட்டில் பார்க்கும்போது அந்தக் குட்டிப் பட்டை ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். அது கிடைமட்டமாகவோ கீழ்நோக்கியோ இருந்தால் அந்தப் பை உங்கள் முதுகுக்குக் குட்டை. மார்புப் பட்டை கடைசியில்.

இப்போது தோள்பட்டைக்கும் தோளின் மேல்பாகத்துக்கும் நடுவே விரலை நுழையுங்கள். சிரமமில்லாமல் நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது. பதினைந்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள். அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள்.

மேல வாய் திறக்குறதா, சூட்கேஸ் மாதிரி முழுசா திறக்குறதா?

விடுதியில் தங்கும் பயணத்துக்கு முழுதாகத் திறப்பதுதான். மேலே மட்டும் திறக்கும் பையில் நமக்கு வேண்டிய பனியன் எப்போதும் அடியில்தான் இருக்கும். எட்டுப் பேர் தூங்கும் அறையில் ராத்திரி பதினோரு மணிக்கு மொத்தச் சாமானையும் வெளியே கொட்டித் தேடினால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். மேலே திறப்பதற்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: ஜிப் குறைவு, ஆகவே கெட்டுப்போகவும் தண்ணீர் புகவும் வழி குறைவு.

நம்ம ஊர் வேர்வைக்கு முதுகுல வலை வச்ச பை நல்லதா?

முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று ஓடும்படி வலையை இழுத்துக் கட்டும் முறையை ஜெர்மனியின் டாய்ட்டர் கம்பெனி 1984இல் கொண்டுவந்தது. இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. வேர்வை குறைவது உண்மை. ஆனால் பை முதுகிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி நிற்பதால் எடை பின்னால் இழுக்கும், வளைந்த சட்டத்தால் உள்ளே இடமும் வீணாகும். பெரும்பாலும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய், நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் பையோடு நடப்பவருக்கு மேடு பள்ளமாக வெட்டிய ஃபோம் முதுகே போதும். சட்டை நனையத்தான் செய்யும். மே மாதத்தில் சென்னையில் பை இல்லாமல் நடந்தாலும் நனைகிறது.

வாட்டர்ப்ரூஃப்னு லேபிள்ல போட்டிருக்கு. நம்பலாமா?

துணி தண்ணீர் விடாது, தையலும் ஜிப்பும் விடும். பெரும்பாலான பைகளில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான். கூடவே கொடுக்கும் மழை உறை வெளிப்பக்கத்தை மூடும், ஆனால் முதுகோடு ஒட்டும் பக்கம் திறந்தே இருக்கும். கழுத்து வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போகிறது. பலத்த காற்றில் உறை பறந்தும் போகும்.

ஐப்பசி மழையில் திருவொற்றியூர் ஹை ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு வழி தெரியும்: உள்ளே தடித்த பாலிதீன் பை. பைக்குள் ஒரு பெரிய பாலிதீன் பையை விரித்து, அதற்குள் எல்லாச் சாமானையும் வைத்து, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். பாரிமுனைப் பக்கம் பாலிதீன் மொத்த வியாபாரக் கடைகளில் கேட்டால் கனத்தைக் கையால் தடவிப் பார்த்து வாங்கலாம். பாஸ்போர்ட்டும் போனும் இன்னொரு சின்ன கவரில். இதைச் செய்தால் மழை உறை தூசிக்கும் பஸ் டிக்கியின் எண்ணெய்க் கறைக்கும் மட்டும்தான் தேவைப்படும்.

600டி, 420டி, 210டி... எது கெட்டி?

அந்த 'டி' என்பது டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் கூடுகிறது, அவ்வளவே. நூல் எதனால் ஆனது என்பதை அந்த எண் சொல்லாது. 420 டெனியர் நைலான் பல நேரங்களில் 600 டெனியர் பாலியஸ்டரைவிட உரசலைத் தாங்கும். அடிப்பாகம் தடித்த துணியாகவும் மேல்பாகம் மெல்லியதாகவும் இருக்கும் பைதான் யோசித்துச் செய்த பை. துணியில் சின்னச் சின்னக் கட்டம் தெரிந்தால், கிழிசல் பரவாமல் இருக்க நடுவே தடித்த நூல் ஓட்டியிருக்கிறார்கள்.

கான்வாஸ் பை பார்க்க அழகு. நனைந்தால் எடை கூடும், காய நாளாகும்.

ஜிப் நல்லதானு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பையில் முதலில் சாவது ஜிப்தான், ஆகவே இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். பிடித்து இழுக்கும் ரன்னரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 5, 8, 10 என்று எண் அச்சாகியிருக்கும். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். பிரதான அறைக்கு 8 அல்லது 10 வேண்டும், சின்னப் பாக்கெட்டுக்கு 5 போதும். 1934இல் ஜப்பானில் தொடங்கிய ஒய்.கே.கே. கம்பெனியின் ஜிப் இருந்தால் ஒரு நம்பிக்கை. ஆனால் அந்த எழுத்தைப் போலியாகப் பொறிப்பதும் நடக்கிறது, ஆகவே கையால் சோதியுங்கள். ஒரே விரலால் மூலையில் வளைத்து இழுக்கும்போது திக்கக் கூடாது. கடற்காற்றுள்ள ஊரில் பித்தளை, இரும்புப் பல் வைத்த ஜிப் வேண்டாம், பச்சையோ துருவோ பிடித்து இறுகிவிடும். நைலான் சுருள் ஜிப்தான் நமக்கு.

ஜிப் மூடினாலும் பின்னால் பிளந்துகொண்டு வந்தால் பலர் ஜிப்பையே மாற்றச் சொல்வார்கள். பல் நன்றாக இருந்தால் ரன்னர்தான் தேய்ந்திருக்கும். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பை தைக்கும் கடைகளில் உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் நோஸ் பிளேயரால் ரன்னரின் இரண்டு தட்டையும் ஓரத்தில் லேசாக ஒரு அழுத்து அழுத்துவார், அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. பிறகு மெழுகுவத்தியைப் பல் மேல் ஒரு இழுப்பு. ஜிப் மறுபடி பிடித்துக்கொள்ளும். கிளம்புவதற்கு முன் அவரிடமே அதே எண்ணில் இரண்டு ரன்னர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எடையே இல்லை. கூடவே தடித்த ஊசி, காசிமேட்டில் வலை பின்ன வைத்திருக்கும் நைலான் நூல் கொஞ்சம், ஒரு மாற்று பக்கிள். பட்டை அறுந்தால் எந்த ஊரிலும் நீங்களே தைத்துக்கொள்ளலாம்.

தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் தையல் பெட்டி வடிவில், நடுவே குறுக்குக் கோடுகளோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றை வரித் தையல் மட்டும் இருந்தால், வாங்கிய அன்றே அந்தக் கடைக்காரரிடம் கொடுத்து இன்னொரு ஓட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

பர்மா பஜார்ல பெரிய கம்பெனிப் பை பாதி விலைக்குக் கிடைக்குதாமே?

லோகோ கிடைக்கும். பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களுக்காக 1969இல் உருவான அந்தக் கடைத்தெருவின் மேல் எனக்குப் பிரியம் உண்டு; சார்ஜர், அடாப்டர், பூட்டு, மடிக்கும் சின்னப் பை எல்லாம் அங்கே பேரம் பேசி வாங்கலாம். ஈவினிங் பஜாரும் அப்படித்தான். பல மாதம் முதுகில் இருக்கப்போகும் பிரதான பையை மட்டும், மாற்றித் தருகிற, பில் போடுகிற கடையில் வாங்குங்கள். போலியைக் கண்டுபிடிக்க லோகோவைப் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். தையல் ஓரத்தில் துணி பிசிறு பிசிறாக விட்டிருந்தால், இடுப்பு பெல்ட்டின் ஃபோம் அழுத்தினால் எழும்பாமல் பள்ளமாகவே நின்றால், விட்டுவிடுங்கள்.

எவ்வளவு செலவு பண்ணலாம்?

விலை மாறிக்கொண்டே இருக்கும், தோராயமாகத்தான் சொல்ல முடியும். டெக்கத்லானின் குவெச்சுவா, ஃபோர்கிளாஸ் வகைகள், பெங்களூரின் வைல்ட்கிராஃப்ட் போன்றவற்றில் சில ஆயிரங்களுக்குள் நல்ல பை கிடைக்கிறது. ஆஸ்ப்ரே, டாய்ட்டர் போன்றவை பத்தாயிரத்தைத் தாண்டிப் போகும். மூன்று மாதப் பயணம் ஒன்றுதான் என்றால் முதல் வகை போதும். வருடா வருடம் கிளம்புகிறவர் இரண்டாவது வகைக்குப் போகலாம். காசு இறுக்கமாக இருந்தால் நண்பரிடம் இரவல் கேளுங்கள். பையை பரணில் போட்டு வைத்திருக்கும் நண்பர் எல்லோருக்கும் ஒருவராவது இருக்கிறார்.

பெண்களுக்குத் தனிப் பைனு விக்கிறாங்களே, கலர் மட்டும்தானே வேற?

சிலவற்றில் கலர் மட்டும்தான். நல்ல கம்பெனிகளில் உண்மையான வித்தியாசம் உண்டு: முதுகு குட்டை, தோள்பட்டைகளின் இடைவெளி குறைவு, பட்டை மார்பைச் சுற்றி வளைந்து போகும், இடுப்பு பெல்ட் சாய்வாக இருக்கும். ஆஸ்ப்ரேயின் ஃபார்பாயின்ட் பைக்குப் பெண்களுக்கான வடிவம் ஃபேர்வியூ என்ற பெயரில் வருகிறது. டாய்ட்டரில் 'எஸ்எல்' என்று போட்டிருக்கும். உயரமான, அகன்ற தோள் உள்ள பெண்ணுக்கு ஆண்கள் பை பொருந்தலாம். ஒடிசலான பையனுக்குப் பெண்கள் பை கச்சிதமாக உட்காரலாம். மாட்டிப் பார்த்துத்தான் முடிவு.

ஃப்ளைட்ல கையோட எடுத்துட்டுப் போக முடியுமா?

உள்நாட்டு விமானங்களில் எக்கானமிக்குக் கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. இண்டிகோவில் அளவு 55, 35, 25 சென்டிமீட்டர். முழுதாகத் திறக்கும் 40 லிட்டர் பைகளில் பல இந்த அளவுக்குள் வந்துவிடும், எடைதான் உதைக்கும். மலிவு டிக்கெட் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சிலவற்றிலும் இதே 7 கிலோதான், லேப்டாப் பையையும் சேர்த்து. வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்: பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை மிஷினில் ஏறினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பையில் கூடாது. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம், 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர்.

செக்-இன் கொடுத்தால் தொங்கும் பட்டைகள் ஏர்போர்ட் கன்வேயர் பெல்ட்டில் மாட்டி அறுந்துபோகும். பட்டைகளை மறைத்து மூடும் ஜிப் மடிப்பு உள்ள பை உத்தமம். இல்லையென்றால் பழைய பெட்ஷீட்டில் ஒரு உறை தைக்கச் சொல்லுங்கள், தெருமுனை டெய்லருக்கு அரை மணி நேர வேலை. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக ஏர்போர்ட் போகிறது, ஆகவே நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பயணத்தில் பையால் கஷ்டம் இல்லை.

ரயில்ல தூங்கும்போது பையை என்ன பண்றது?

ஸ்லீப்பரில் 40 கிலோ வரை இலவசம், எடை பிரச்சினையே இல்லை. கீழ் பெர்த்துக்கு அடியில் கம்பி வளையம் இருக்கும், சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஜிப்பில் போடும் குட்டிப் பூட்டை அதிகம் நம்பாதீர்கள். சுருள் ஜிப்பைப் பேனா முனையால் குத்திப் பிளந்து, பிறகு ரன்னரை ஓட்டித் தடயமே இல்லாமல் மூடிவிட முடியும். பணம், பாஸ்போர்ட், போன் எல்லாம் உடம்போடு.

லேப்டாப் வச்சுக்க இடம் எங்க இருக்கணும்?

முதுகை ஒட்டி, அடியைத் தொடாமல் தொங்கும் அறையில். கனமான எல்லாச் சாமானுக்கும் இதே விதிதான்: முதுகை ஒட்டி, நடு உயரத்தில். வெளிப்பக்கப் பாக்கெட்டில் கனம் வைத்தால் எட்டு கிலோ பன்னிரண்டு கிலோவாகத் தெரியும்.

அம்மா ஊறுகாய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் கட்டிக் குடுக்கிறாங்க. வேணாம்னு சொல்ல முடியல.

சொல்ல வேண்டாம், அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். பருப்புப் பொடி கால் கிலோ. சூடான சாதம் எந்த ஊரிலும் கிடைக்கும். எண்ணெய் கசியும் எதுவும் பையில் வேண்டாம், ஃபோமில் இறங்கினால் நல்லெண்ணெய் வாசம் பயணம் முழுக்கக் கூட வரும். ஊறுகாயையும் மிளகாய்த் தூளையும் கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட் செக்யூரிட்டியில் நிறுத்த வாய்ப்புண்டு.

என்ன கலர்?

கறுப்பு வேண்டாம், பஸ் டிக்கியில் எல்லாப் பையும் கறுப்பு. மற்றது உங்கள் இஷ்டம்.

கிளம்புறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கிறது?

மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், டேக்கை அறுக்காமல், எல்லாச் சாமானையும் நிரப்பி ஒரு ஒத்திகை பாருங்கள். வடசென்னையைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. வீட்டிலிருந்து ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்கு நடந்து, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, நடைமேம்பாலத்தில் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். பிறகு ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறுங்கள். பையைக் கழற்றி மடியில் வைத்ததும் உங்களுக்கு முன்னால் தெரிகிறதா, எதிரில் இருப்பவர் முழங்கால் இடிக்கிறதா? 40 லிட்டர் மடியில் அடங்கும், 65 அடங்காது. டிரைவர் இரண்டு பேர் காசு கேட்டாலும் நியாயம்தான். கடைசியாக, சாயங்காலம் ஆறு மணிக்கு எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்துக்குள் ஒருமுறை நடந்து வாருங்கள். திரும்பும்போது யார் மேலும் இடிக்காமல் வந்தால் பையின் அகலம் சரி.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றித் தோளைக் கண்ணாடியில் பாருங்கள். தோளின் உச்சியில் சிவந்த கோடு இருந்தால் இடுப்பு பெல்ட் வேலை செய்யவில்லை. இறுக்கும் முறையை மாற்றி இன்னொரு நாள் முயலுங்கள். அப்போதும் சிவந்தால் பையைத் திருப்பிக் கொடுங்கள்.

தரையிலிருந்து தூக்கும் விதத்தையும் பழகுங்கள். தோள்பட்டையைப் பிடித்து ஒரே வீச்சில் முதுகுக்கு வீசுவதுதான் இடுப்புப் பிடிப்புக்கு வழி. ஒரு காலை முன்னால் மடித்து, பையை முதலில் தொடையில் ஏற்றி, ஒரு கையை நுழைத்து, பிறகு திரும்புங்கள்.

போன பயணத்துக்கு வாங்கின பை பரண்ல இருந்துச்சு. இப்ப உள்ள கையை விட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, நாத்தம் வேற. என்ன ஆச்சு?

துணிக்கு உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துவிட்டது. காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதை மெல்ல உடைக்கும். எங்கேயும் நடப்பதுதான், கடலோர ஊரில் சீக்கிரம் நடக்கும். பையை பாலிதீன் கவரில் கட்டிப் பரணில் போடுவதுதான் இதற்குப் பெரிய காரணம், உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடக்கும்.

ஊருக்கு வந்ததும் வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம். உப்பு படிந்த பட்டைகளை இரண்டு தடவை அலச வேண்டும். எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாக நிழலில் காய வையுங்கள். மொட்டைமாடி வெயில் நைலானை நைந்துபோகச் செய்யும். காய்ந்த பிறகு கவர் போடாமல், காற்று வரும் இடத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள். பக்கிளைப் பூட்டி வைக்காதீர்கள்.

ஏற்கெனவே ஒட்டத் தொடங்கிய பூச்சைக் காப்பாற்ற முடியாது. ஆனால் துணியும் தையலும் கெட்டியாக இருந்தால் பையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பையின் உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் பூச்சு உருண்டு உருண்டு வந்துவிடும், அதன் பிறகு மழைக்கு உள்ளே அந்தத் தடித்த பாலிதீன் பையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.